மனச்சோர்வு நோயும் மின்சிகிச்சையும்

"ஹஜ்ரத்! அம்மாவுக்குத் தலையில் கரண்ட் வைக்கணும்னு டாக்டர் சொல்றாங்க. மார்க்கத்தில் இதுக்கு இடம் இருக்கா?"

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி வந்த ஒரு சகோதரியின் மகன், இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் என்னை நிறுத்திக் கேட்ட கேள்வி இது. நான் தலை குனிந்து நின்றேன். அதற்கு முன்பே அந்தப் பிள்ளையின் அத்தா என்னிடம் வந்திருந்தார். மனைவி உண்பதில்லை, உறங்குவதில்லை, எடுத்த தூரிகையை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விடுகிறாள் என்று அழுதார். நான் ஷைத்தானின் ஊசலாட்டம் என்று சொல்லி, நாற்பது நாட்களுக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். மருத்துவரிடம் போகச் சொல்லவில்லை. அந்த நாற்பது நாள் முடிவதற்குள் ஒரு விடியற்காலையில் அச்சகோதரியைக் கிணற்றடியில் பிடித்து நிறுத்தினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். அதன் பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். பையனின் கேள்விக்குப் பதில் தேடி நான் படித்தவற்றையும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் நம் குடும்பங்களுக்குச் சொல்வது என் மீது கடமையாகி விட்டது.

முதலில் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. கி.பி. 934இல் வஃபாத்தான அபூ ஸைத் அல் பல்கி என்ற அறிஞர் உடல் நலத்தையும் மன நலத்தையும் ஒருங்கே வைத்து நூல் எழுதியவர். கவலையை அவர் இரு வகையாகப் பிரித்தார். ஒன்று, இழப்பு போன்ற தெரிந்த காரணத்தால் வருவது. மற்றொன்று, காரணம் தெரியாமல் உடலின் கோளாற்றிலிருந்தே எழுவது. இரண்டாவதற்கு ஆறுதல் மொழி மட்டும் போதாது, உடலுக்கும் மருந்து வேண்டும் என்பது அவரது கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் சொன்னதை நான் அறியாமற்போனது என் குறைதான்.

இந்நோய் முற்றினால் ஃபஜ்ருக்கு வெகு நேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். காலைப் பொழுதே பெரும் பாரமாக இருக்கும். பசி போய் உடல் இளைக்கும். சிலர் பேச்சையும் அசைவையும் நிறுத்தி மரம்போல் இருந்துவிடுவார்கள். குற்ற உணர்வு மிகும். நம் வீடுகளில் அந்தக் குற்ற உணர்வு மார்க்கத்தின் உடையை அணிந்து வருவதை நாம் கவனிக்க வேண்டும். "அல்லாஹ் என்னை மன்னிக்கவே மாட்டான்" என்று அச்சகோதரி ஓயாமல் சொன்னார்கள். நான் தவ்பாவின் சிறப்பை எடுத்துச் சொன்னேன். பேசியது நோய் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஈமான் குறைந்ததால் இது வந்தது என்று நினைப்போர், யஃகூப் (அலை) அவர்கள் மகனை நினைந்து கண்ணொளி இழக்கும் அளவுக்குக் கவலையுற்றதைக் குர்ஆன் கூறுவதை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி மின்சிகிச்சைக்கு வருவோம். வலிப்பு வந்தபின் சில மனநோய்கள் தணிவதாகக் கருதி 1934இல் ஹங்கேரி நாட்டின் மெதுனா என்பவர் மருந்து செலுத்தி வலிப்பை உண்டாக்கினார். 1938இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இருவர் அதற்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். அக்காலத்தில் நோயாளிக்கு நினைவு இருக்கும்போதே மின்சாரம் செலுத்தியதால் உடல் முறுக்கி எலும்பு முறிந்ததும் உண்டு. சினிமாக்காரர்கள் அந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டு அதைத் தண்டனைபோலக் காட்டி, மக்கள் மனத்தில் பீதியை ஊன்றிவிட்டார்கள்.

முறையான இன்றைய சிகிச்சை அப்படியல்ல. காலையில் வெறும் வயிற்றில் நோயாளியைப் படுக்க வைத்து, ஊசி மூலம் சில நிமிட மயக்கம் கொடுப்பார்கள். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் பிராணவாயுவும் தருவார்கள். பல் கடிபடாமல் வாயில் ரப்பர் வைப்பார்கள். பிறகு நெற்றிப்பொட்டில் சில விநாடிகளே மின்சாரம் பாயும். எங்கள் ஊரில் மின்கம்பியைத் தாங்கும் பீங்கானை அறியாதவர் இல்லை. மண்டை ஓடும் ஏறக்குறைய அதுபோலவே மின்சாரத்தைத் தடுக்கும். பெரும்பகுதி தோலோடு போய்விட, சிறு பகுதியே மூளையை அடைகிறது. மூளையில் அரை நிமிடம், ஒரு நிமிடம் வலிப்பு நடக்கும். தசை தளர்ந்திருப்பதால் உடலில் பெரிதாகத் தெரியாது. ஆகவே சில இடங்களில் ஒரு காலில் மட்டும் பட்டை கட்டி, மருந்து அங்கே போகாமல் தடுத்து, அந்தப் பாதத்தின் துடிப்பைக் கொண்டு வலிப்பை அளக்கிறார்கள். வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறையாக, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு முறை வரை கொடுப்பது வழக்கம்.

மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இச்சிகிச்சையைக் கொடுப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குக் காப்பாளரின் சம்மதமும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் கொடுக்கக் கூடாது. அதே 95ஆம் பிரிவு தடுக்கும் இன்னொன்றையும் கேளுங்கள்: மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவது! 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்த நோயாளிகள் ஓட வழியின்றி மாண்டார்கள். இறந்தோர் 28 பேர். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் அவர்களுடைய சொந்தக் குடும்பத்தார்தாம். மயக்கத்தில் சில விநாடி பாயும் மின்சாரத்துக்கு நடுங்கும் நாம், ஆண்டுக்கணக்கில் காலில் கிடக்கும் சங்கிலிக்கு நடுங்கவில்லையே!

"பலன் உண்டா?" என்பது அடுத்த கேள்வி. பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு நம் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்துவது. கடும் மனச்சோர்வுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 45 பேரைப் பதினைந்து பதினைந்தாக மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மின்சிகிச்சை, ஒரு பிரிவுக்கு இமிப்ரமின் மாத்திரை, ஒரு பிரிவுக்கு சுதர்சனக் கிரியா என்ற மூச்சுப் பயிற்சி. நான்கு வாரங்களில் நோய் நீங்கியவர்கள் முறையே நூற்றுக்கு 93, 73, 67 பேர். மூச்சுப் பயிற்சியும் மாத்திரைக்கு அருகில் வந்தது உண்மை. மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சிகளை இகழ வேண்டியதில்லை. ஆனால் மின்சிகிச்சை இரண்டையும் மிஞ்சியது. பதினைந்து பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். எனினும் 2003இல் பிரிட்டன் மருத்துவக் குழுவினர் 1,144 நோயாளிகளைக் கொண்ட 18 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும், மாத்திரையைவிட மின்சிகிச்சையே மேலென்று கண்டார்கள்.

மறுப்பவர்களும் உண்டு. மயக்கம் மட்டும் கொடுத்து மின்சாரம் செலுத்தாமல் ஒப்பிட்ட ஆய்வுகள் எல்லாம் 1986க்கு முற்பட்டவை, தரம் குறைந்தவை என்று 2019இல் ஜான் ரீட் முதலிய மூவர் எழுதினார்கள். அவர்களது குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் தண்ணீரும் இறங்காமல் கிடக்கும் நோயாளியின் முன்னால் நிற்கும் மருத்துவர், மாத்திரை வேலை செய்யப் பல வாரங்கள் காத்திருக்க முடியாது. அந்த நிலையில் மின்சிகிச்சையை முன் வைப்பது சரியென்றே எனக்குப்படுகிறது.

மறதியை மறைக்கக் கூடாது. சிகிச்சை நாட்களில் குழப்பமும் மறதியும் வரும். புதியதைக் கற்கும் ஆற்றல் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. ஆனால் சிகிச்சைக்கு முந்திய மாதங்களின் சொந்த நிகழ்ச்சிகள் சிலருக்குத் திரும்புவதில்லை. வலப்பக்கம் மட்டும் மின்சாரம் செலுத்தினால் மறதி குறையும் என்று கண்டிருக்கிறார்கள். மருத்துவரிடம் இதைக் கேட்பதில் தவறில்லை. நான் சொன்ன சகோதரிக்கு எட்டு முறை கொடுத்தார்கள். நான்காம் முறைக்குப் பின் தாமே கஞ்சி கேட்டார்கள். அந்த ஆண்டின் ஹஜ்ஜுப் பெருநாள் மட்டும் அவர்களுக்கு இன்றும் நினைவில் இல்லை.

சில மஸ்அலாக்கள்: நபி (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், தகுதியுள்ளவர் கொடுக்கும் இச்சிகிச்சையும் அதில் அடங்கும். மயக்கத்தால் உளூ முறியும். தெளிந்தபின் உளூச் செய்து தொழ வேண்டும். சில மணி நேர மயக்கத்தால் தவறிய தொழுகையை ஹனஃபி மத்ஹபில் கழாச் செய்ய வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அத்தொழுகையின் நேரம் முழுவதையும் மயக்கம் சூழ்ந்திருந்தால் கழாக் கடமையில்லை, செய்வது பேணுதல். சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருப்பதை ரமளான் நோன்போடு இணைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கடும் நோயாளிக்கு நோன்பை விட அனுமதி இருக்கிறது, குணமானபின் நோற்கட்டும். பெண்கள் சிகிச்சைக்குத் தேவையான அளவு தலையைத் திறப்பதில் குற்றமில்லை. தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. அச்சகோதரியின் மாமியார் அன்பினால் எண்ணெய் தேய்த்து அனுப்ப, நர்சுகள் தலையை அலசிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனார்கள்! ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் நிறுத்த வேண்டியதில்லை. ஏர்வாடி தர்காவிலேயே பின்னாளில் துஆவோடு மருந்தும் கிடைக்க ஏற்பாடு நடந்தது.

மின்சிகிச்சை முடிந்தபின் மாத்திரையை விட்டுவிடுவதே நான் அதிகம் காணும் தவறு. அமெரிக்காவில் மின்சிகிச்சையால் குணமடைந்த 84 பேரை ஆறு மாதம் கவனித்து 2001இல் வெளியிட்டார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின், லித்தியம் இரண்டும் உண்டவர்களில் அது 39. "குணமாகிவிட்டதே, இன்னும் மாத்திரை எதற்கு?" என்று உறவினர் ஒருவர் சொல்லக் கேட்டு அச்சகோதரியும் நான்காம் மாதத்தில் நிறுத்தினார்கள். சில வாரங்களில் மீண்டும் நள்ளிரவில் விழித்து உட்கார ஆரம்பித்தார்கள். இம்முறை மகன் என்னிடம் வரவில்லை. பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டான்.