பெற்றவள் பேச்சை ஒளித்து வைத்துப் பதிவு செய்யலாமா?

"டாக்டர், அந்தம்மா குழந்தைகிட்ட என்னென்ன பேசறாங்கன்னு ஒரே ஒரு தடவை ரெக்கார்டு பண்ணி ஜட்ஜுக்குப் போட்டுக் காட்டிட்டா, குழந்தை எங்களுக்கே கிடைச்சிடுமில்லையா?"

அமெரிக்காவில் குடியேறி, அங்குள்ள ‘ஃபாஸ்டர் கேர்’ முறையில் குழந்தை வளர்க்கும் நம் ஊர்த் தம்பதிகள் இப்படிக் கேட்பதுண்டு. வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி சித்த வைத்தியரிடம் ஏன் வருகிறது என்கிறீர்களா? அவர்கள் போன் போடுவது குழந்தையின் உடம்புக்காகத்தான். "பெத்த அம்மாவைப் பார்த்துட்டு வந்தா ரெண்டு நாளைக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. படுக்கையை நனைச்சிடறான். ராத்திரி அலறி எழுந்திருக்கிறான்" என்பார்கள். பேச்சு நீள நீளத்தான் அந்த ரெக்கார்டர் வெளியே வரும். அதனால் சட்டம், உடம்பு இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஃபாஸ்டர் கேர் என்றால் என்ன என்று பார்ப்போம். பெற்றோர் குடியிலோ போதையிலோ விழுந்துவிட்டால், அல்லது குழந்தையை அடித்து, கவனிக்காமல் விட்டுவிட்டால், கோர்ட் உத்தரவின் பேரில் மாநில அரசு அந்தக் குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்துக் கொள்கிறது. தற்காலிகமாக ஒரு வீட்டில் வளரவிடுகிறது. கவனியுங்கள், சட்டப்படி குழந்தை அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது, வளர்ப்பவரின் பொறுப்பில் அல்ல. பெரும்பாலும் முதல் நோக்கமும் தத்துக் கொடுப்பதில்லை. தாயைத் திருத்தி, குழந்தையைத் திரும்ப ஒப்படைப்பதுதான். அது கைகூடாதபோதுதான் தத்து. 1997ல் வந்த சட்டப்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை வெளியே வளர்ந்திருந்தால், பெற்றோர் உரிமையை ரத்து செய்யச் சொல்லி அரசு மனுப் போட வேண்டும். இதற்குச் சில விலக்குகளும் உண்டு.

இந்தப் பதினைந்து மாதம்தான் வளர்ப்பவர்களைப் படாதபாடு படுத்துகிறது. ராத்திரி முழுக்க மடியில் போட்டுத் தட்டித் தூங்க வைத்த குழந்தை. நாளைக்கே "அனுப்பி விடுங்கள்" என்று சொல்லிவிடலாம். வயிறு கலங்காதா? கலங்கும். அந்தக் கலக்கத்தில்தான் பொம்மைக்குள் ரெக்கார்டர் வைக்கலாமா, ஸ்கூல் பையில் போனை ஓடவிட்டு அனுப்பலாமா என்ற யோசனையெல்லாம் வருகிறது.

வைக்காதீர்கள்!

அமெரிக்க மத்திய சட்டப்படி, பேசுகிறவர்களில் ஒருவருக்குச் சம்மதம் இருந்தால் பதிவு செய்யலாம். டெக்சாஸ், நியூயார்க், நியூஜெர்சி, ஜார்ஜியா மாநிலங்களிலும் அப்படித்தான். நீங்களும் அந்தத் தாயும் பேசும்போது அந்த ‘ஒருவர்’ நீங்களாக இருக்கலாம். ஆனால் நீங்கள் இல்லாத அறையில் தாயும் பிள்ளையும் பேசுவதைக் கருவி வைத்துப் பிடித்தால், அங்கே சம்மதம் கொடுத்தது யார்? மூன்று வயதுப் பிள்ளையா? பெற்றவர்கள் சில வழக்குகளில் ‘குழந்தைக்காக நான் சம்மதித்தேன்’ என்று வாதாடியிருக்கிறார்கள். நீங்கள் சட்டப்படி காப்பாளர் இல்லை என்பதால் அந்த வாதத்துக்கும் கால் இல்லை. மத்திய சட்டத்தில் இது ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம்.

கலிபோர்னியா, வாஷிங்டன், ஃப்ளோரிடா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்கள் இன்னும் கடுமை. அந்தரங்கமான பேச்சு என்றால் பேசுகிற எல்லோரும் சம்மதிக்க வேண்டும். கலிபோர்னியாவில் மீறினால் ஒரு வருடம் வரை சிறை, ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 டாலர் வரை அபராதம். அது போக, பதிவு செய்யப்பட்டவர் தனியாக 5,000 டாலர் நஷ்ட ஈடும் கேட்கலாம். "நான் ஜார்ஜியாவில்தானே இருக்கேன், அந்தம்மாதான் கலிபோர்னியாவில்" என்று தப்பிக்கவும் முடியாது. அப்படி இரண்டு மாநிலத்துக்கு நடுவே நடந்த போன் பேச்சு விஷயத்தில் கலிபோர்னியா சட்டமே செல்லும் என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2006ல் சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் அந்தப் பதிவால் கேஸுக்கு லாபம் உண்டா? சட்ட விரோதமாக எடுத்ததைக் கலிபோர்னியாவில் சாதாரணமாக ஆதாரமாகவே ஏற்பதில்லை. வேறிடத்தில் ஏற்றாலும், தாயின் உரிமையை ரத்து செய்ய "தெளிவான, நம்பத் தகுந்த ஆதாரம்" வேண்டும் என்று 1982ல் சான்டோஸ்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதித்திருக்கிறது. யார் வீடு வசதி என்று தராசில் நிறுக்கும் கட்டம் இல்லை அது. கோபத்தில் அவள் திட்டிய நாலு வார்த்தை அந்த அளவுக்குப் போதாது. உங்களைப் பற்றித்தான் கேஸ் ஒர்க்கருக்குச் சந்தேகம் வரும். "இவங்க தாயையும் பிள்ளையையும் சேர விடாதவங்க" என்று ஒரு தடவை ஃபைலில் ஏறிவிட்டால் அழிப்பது கஷ்டம்.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். தாயைப் பார்த்துவிட்டு வந்து குழந்தை அழுதால், "அவ ஏதோ பண்ணியிருக்கா" என்றுதான் நமக்குத் தோன்றும். 1950கள் வரை இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளிலும் இதே நினைப்புதான். பெற்றோர் வந்து போனால் பிள்ளைகள் அழுகின்றன, அதனால் வர விடாதே என்றார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952ல் ஒரு படம் எடுத்துக் காட்டினார். இரண்டரை வயதுகூட முழுசாக ஆகாத ஒரு சிறுமி ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்ததைப் பதிவு செய்த படம். சமர்த்தாக, சத்தமில்லாமல் இருக்கிற குழந்தை ஆறிப்போன குழந்தை இல்லை, அடக்கிக் கொண்டிருக்கிற குழந்தை என்று அதைப் பார்த்தவர்களுக்குப் புரிந்தது. பிரிவுதான் அழ வைக்கிறது. சந்திப்பு, உள்ளே இருந்ததை வெளியே கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

எல்லா அழுகையும் இதுதான் என்று சொல்ல வரவில்லை. உடம்பில் காயம் தெரிந்தாலோ, குழந்தையே வாய் திறந்து ஏதாவது சொன்னாலோ அன்றைக்கே கேஸ் ஒர்க்கருக்கும் டாக்டருக்கும் சொல்லுங்கள். நீங்களே துருவித் துருவிக் கேட்காதீர்கள். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

படுக்கையை நனைப்பதற்கு மனசைச் சொல்வதற்கு முன்னால், சிறுநீர்த் தாரையில் கிருமி, மலச்சிக்கல், கீரிப்பூச்சி இவற்றைப் பார்த்துவிட வேண்டும். பல நாள் மலம் கட்டிய பிள்ளை படுக்கையை நனைப்பது சர்வ சாதாரணம். "அப்போ ஊர்லேர்ந்து மருந்து அனுப்புங்களேன்" என்பார்கள். நான் அனுப்புவதில்லை! வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்காவில் 1968லேயே தடை போட்டுவிட்டார்கள். அரசின் பொறுப்பிலுள்ள பிள்ளைக்கு அங்கே உள்ள டாக்டருக்குத் தெரியாமல் சூரணமோ லேகியமோ கொடுத்தால் அதுவும் உங்கள் ஃபைலில்தான் ஏறும். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், அங்குள்ள குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சந்திப்பு நாளில் மட்டும் வழக்கமான நேரத்துக்குச் சூடாகக் குழைந்த சாதம், வெந்நீர்க் குளியல், சீக்கிரத் தூக்கம். கேள்வி கேட்காத மடி ஒன்றும் வேண்டும்.

ரெக்கார்டர் வாங்கும் காசுக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, மணி போட்டு, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "பயந்து போய் வந்தான்" என்பது உங்கள் ஊகம். "7 மணிக்குத் தூங்கி 11 மணிக்கு எழுந்து அரை மணி அழுதான், காலையில் பால் குடிக்கவில்லை" என்பது நடந்தது. கோர்ட்டுக்கு வேண்டியது இரண்டாவது. அவள் தானாக அனுப்பிய மெசேஜ், விட்டுப்போன வாய்ஸ் மெயில் இவற்றை அழிக்காதீர்கள். தெரிந்தே விட்டுப் போனதைப் பத்திரப்படுத்துவது ஒளிந்து கேட்பதாகாது. மிரட்டல் வந்தால் போலீஸ். வளர்ப்பவருக்கு விசாரணைக்கான நோட்டீஸ் பெறவும், தன் கருத்தைச் சொல்லவும் மத்திய சட்டமே உரிமை தந்திருக்கிறது. கலிபோர்னியாவில் அதற்கென்றே ஜே.வி.-290 என்று ஒரு படிவம் இருக்கிறது. குழந்தையின் உடல்நலம், படிப்பு, பழக்கவழக்கம் எல்லாம் அதில் எழுதலாம். நம்மவர்களில் பலர் அதை நிரப்புவதே இல்லை. தாய்-பிள்ளை சந்திப்பில் யாராவது கூட இருக்க வேண்டும் என்று தோன்றினால் அதையும் கேஸ் ஒர்க்கரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. நீங்கள் போனை எங்கே ஒளித்து வைக்கிறீர்கள் என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடும். நாலு வயதுப் பிள்ளையின் கண்ணிலிருந்து எதையும் மறைக்க முடியாது. "அம்மாகிட்ட சொல்லாதே" என்று ஒரு ரகசியத்தை அதன் தலையில் ஏற்றி அனுப்பினால் அன்றைக்கு ராத்திரித் தூக்கம் எங்கிருந்து வரும்?

கடைசியில் தத்து உங்களுக்கே முடிந்தாலும் அந்தத் தாய் காணாமல் போய்விடப் போவதில்லை. தத்துக்குப் பிறகும் வருடத்துக்கு ஒரு கடிதம், சில போட்டோ, ஒன்றிரண்டு சந்திப்பு என்று இரு தரப்பும் எழுதிக் கொள்ளும் ஒப்பந்தம் கலிபோர்னியா உட்பட பல மாநிலங்களில் உண்டு. தாய் மனசு வந்து தானாகவே உரிமையை விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போடும் வழக்குகளும் உண்டு. அடுத்த சந்திப்புக்குப் பிள்ளையை அனுப்பும்போது, கேஸ் ஒர்க்கரைக் கேட்டுக்கொண்டு ஒரு சின்னச் சீட்டு வைத்து அனுப்புங்கள்: இந்த வாரம் என்ன சாப்பிட்டான், எந்தப் பல் ஆடுகிறது, எந்தப் பாட்டுக்குத் தூங்குகிறான் என்று.