படம் வரும் வழி

கணினியை ஏவுதற்கு மக்கள் நெடுங்காலம் எழுத்தையே கருவியாகக் கொண்டிருந்தனர். எழுதிய ஏவலில் ஒரு புள்ளி பிழைபடினும் செயல் முழுவதும் பழுதாகும். எழுத்தை விடுத்துப் படம் வரைந்தே கணினியை ஏவுதல் இயலாதோ என்னும் வினா அறிஞர் சிலர் உள்ளத்தில் எழுந்தது. அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற வில்லியம் சதர்லாந்து என்பார், திரையில் வரையும் பெட்டிகளாலும் கோடுகளாலும் செயல்முறை வகுக்கலாகும் என்பதை 1966ஆம் ஆண்டில் தம் ஆய்வுநூலிற் காட்டினார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின் அக்கருத்து இசைத்துறையில் வேரூன்றிற்று. பாரிசு நகரில் இர்க்காம் என்னும் இசை ஆய்வு நிலையம் உள்ளது. அங்குப் பணிபுரிந்த மில்லர் பக்கெட் என்பார் இசைவாணர்க்கென ஒரு மென்பொருளை இயற்றினார். கணினி இசையின் முன்னோடியாகிய மேக்ஸ் மேத்யூஸ் என்பாரின் நினைவாக அது ‘மேக்ஸ்’ எனப் பெயர் பெற்றது. அதில் ஒவ்வொரு தொழிலும் ஒரு சிறு பெட்டியாகும். பெட்டியின் மேற்புறத்தில் உள்வாயும் கீழ்ப்புறத்தில் வெளிவாயும் அமைந்திருக்கும். ஒன்றன் வெளிவாயை மற்றொன்றன் உள்வாயோடு கோட்டால் இணைத்துவிடின், ஏரிநீர் மதகின் வழியே புறப்பட்டு வாய்க்காலில் ஓடிக் கழனியிற் பாய்வதுபோலச் செய்தி பெட்டிக்குப் பெட்டி பாய்ந்து செல்லும்.

ஓசைக்கென இயன்ற இக்கருவிக்கு ஓவியத்தை ஆளும் ஆற்றல், 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜிட்டர்’ என்னும் துணைத்தொகுதியால் வாய்த்தது. ஓசைக்கும் ஓவியத்திற்கும் உறவு யாது எனின், கணினியின்முன் இரண்டும் எண்களே. ஜிட்டர், படத்தை நிரையும் நிரலுமாகிய புள்ளிகளாகப் பகுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு எண்களை வைக்கின்றது. முதலெண் ஒளி ஊடுருவும் அளவையும், ஏனைய மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களின் அளவையும் குறிக்கும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். அகலத்தில் 320 புள்ளியும் உயரத்தில் 240 புள்ளியும் உடைய சிறு படத்தில் 76,800 புள்ளிகள் உள; அவற்றிற்குரிய எண்கள் 3,07,200. நொடிக்கு 30 படமாக ஓடும் காணொளியாயின் ஒரு நொடிக்கு 92,16,000 எண்கள் வந்து செல்லுதல் வேண்டும்.

இவ்வெண் தொகுதியைக் கணக்கு நூலார் ‘அணி’ என்பர். இலக்கண நூலார்க்கும் அச்சொல் உரியது. நிரல்நிறை என்னும் அணியில் சொற்கள் ஒரு நிரையிலும் அவற்றிற்குரிய பொருள்கள் மற்றொரு நிரையிலும் நிற்க, முறை பிறழாது கூட்டிப் பொருள் கொள்ளுதல் மரபு. முறை பிறழின் பொருள் கெடும். படத்திலும் அவ்வாறே. ஒரு நிரைக்கு 320 புள்ளி என்பதை 319 எனக் கொண்டு எண்களை அடுக்கிப் பார்ப்பின், நிமிர்ந்து நின்ற மரம் திரையிற் சாய்ந்து நிற்கும்.

இனி, தொலைவிலுள்ள படம் இப்பெட்டிக்குள் வருமாறு காண்க. 1972ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், அப்போலோ 17 என்னும் விண்கலத்திற் சென்றோர் ஏறத்தாழ 29,000 கிலோமீட்டர் தொலைவினின்று நிலவுலகின் முழு வட்டத்தையும் படம் பிடித்தனர். அப்படம் நாசா நிறுவனத்தின் இணையத் தொகுப்பில் உள்ளது. மாணவன் ஒருவன் அதனைத் தன் பெட்டிக்குக் கொணர விழைகின்றான் என்க. படம் பொருந்திய பக்கத்தின் முகவரியைத் தந்தால் பெட்டி வெறுமையாகவே இருக்கும். பக்கம் என்பது வீடு. படக்கோப்பு அவ்வீட்டினுள் இருக்கும் பேழை. பேழைக்கெனத் தனி முகவரி உண்டு. அதனையே தருதல் வேண்டும். தொடக்கத்தில் இடர்ப்படுவோரிற் பலர் இடர்ப்படுவது இவ்விடத்திலேதான்.

முகவரி சரியாயினும் படம் அந்நொடியே வந்துவிடுவதில்லை. இணையத்தின் வழியே வருங்கால் எண்கள் சுருக்கப்பட்டுச் சிறுசிறு கூறுகளாக வருகின்றன. வந்தபின் அவை கூட்டி விரிக்கப்படும். அதற்குள் ஏனைய பெட்டிகள் காத்து நிற்பின் அனைத்தும் உறைந்துவிடும். இசையரங்கில் பாடகர் பாட, அக்குரலுக்கேற்பப் பின்திரையிற் காட்சி மாறுமாறு ஒருவன் அமைத்திருக்கின்றான் என்க. பாட்டின் நடுவே இணையம் அறுந்தால் திரை இருண்டுபோம். பாடகர் நிறுத்தவும் இயலாது; அவையோர் நோக்கு அனைத்தும் அவ்விருளிலேயே நிலைக்கும். ஆதலின் தேர்ந்தோர் அரங்கேறுமுன்பே கோப்பினை இறக்கித் தம் கணினியில் வைத்துக்கொள்வர். நிகழ்ச்சி நடக்கும்போதே புதுப்படம் வேண்டுவோர், கொணருந் தொழிலைப் பின்னணியில் நடத்தும் தனிப்பெட்டியிடம் அதனை ஒப்படைப்பர். அப்பெட்டி ‘வந்தது’ என்று அறிவிக்கும்வரை பழைய படமே திரையில் நிற்கும்.

மற்றொரு தடை உண்டு. அது கருவியைச் சார்ந்ததன்று. முகவரியைத் தட்டினால் வந்துவிடுவதனாலேயே படம் தட்டியவனுக்கு உரியதாகிவிடாது. நாசாவின் படங்கள் பெரும்பாலும் உரிமைக் கட்டின்றிப் பொதுவில் வழங்குவன. ஆயினும் அந்நிறுவனத்தின் முத்திரையை விரும்பியவாறு ஆளுதல் கூடாது. 2001ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு வகுத்த உரிமங்களின்படி தம் படங்களை வழங்குவோர் உளர். அவருட் சிலர் பெயரைக் குறித்தால் போதும் என்பர். சிலர் விற்பனைக்கு ஆகாது என்பர். சிலர் மாற்றம் செய்தல் ஆகாது என்பர். எண்களைக் கூட்டியும் கழித்தும் படத்தை வேறாக்குதலே ஜிட்டரின் முதன்மைத் தொழிலாகலின், இறுதியிற் கூறிய வகையினரின் படம் இங்குப் பயன்படாது. மலைமீது ஏறி, விடியலுக்குக் காத்திருந்து ஒருவர் எடுத்த படம் என்பது, எண்களாக வந்து சேரும்போது கண்ணுக்குப் புலனாவதில்லை.

மேக்ஸில் குறிப்புப் பெட்டி என ஒன்று உண்டு. படம் எடுத்தவர் பெயர், பெற்ற முகவரி, பெற்ற நாள், உரிமத்தின் வகை ஆகியவற்றைச் சிலர் அதில் எழுதிப் படப்பெட்டியின் அருகே வைப்பர். அக்குறிப்புப் பெட்டிக்கு வெளிவாய் இல்லை; அதனினின்று யாதொரு கோடும் புறப்படுவதில்லை.