ஒவ்வாமை அடங்கிய பின்னும் வாயில் உலோகச் சுவை ஏன்?

ஏலத்தோட்டத்தில் குளவி கொட்டியோ, ஒத்துக்கொள்ளாத மாத்திரையாலோ உடம்பெல்லாம் தடித்துப்போய், ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்களில் சிலர், "அரிப்பு போய்விட்டது, ஆனால் நாலு நாளாக வாயில் இரும்புக் கம்பியைச் சப்பியதுபோல இருக்கிறது" என்கிறார்கள். ஊசி மருந்து உடம்பில் தங்கிவிட்டதோ என்று பயந்து மீதி மாத்திரையைக் குப்பையில் போடுபவர்களும் உண்டு. அதனால்தான் இந்த இதழில் இதை எடுத்துக்கொண்டோம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறோம். கடும் ஒவ்வாமை தொடங்கும்போதே சிலருக்கு வாயில் உலோகச் சுவை தட்டும். அடங்கிய ஒவ்வாமையும் சில மணி நேரம் கழித்து, அரிதாக மூன்று நாள் வரை, மறுபடி கிளம்பக்கூடும். ஆகவே அந்த நாட்களில் இந்தச் சுவையோடு உதடு, நாக்கு வீக்கம், தொண்டை இறுக்கம், மூச்சுத்திணறல், தொடர் வாந்தி, தலைசுற்றல் ஏதாவது சேர்ந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். அப்போது உயிர் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. ஏவிலும் செட்ரிசினும் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்காது. மெடிக்கலில் ஒரு ஏவில் போட்டுக்கொண்டு ஜீப் ஏறி மலை இறங்கி வரும் வழக்கத்தை நம் தொழிலாளர்கள் விட வேண்டும்.

இனி, வேறு தொல்லை எதுவும் இல்லாமல் சுவை மட்டும் நிற்பவர்களுக்கு. பெரும்பாலும் காரணம் மருந்துச்சீட்டிலேயே இருக்கும். ஒவ்வாமைக்குத் தரும் மாத்திரைகள் உமிழ்நீரை வற்றச் செய்யும். உமிழ்நீரில் கரைந்தால்தான் உணவின் சுவை நாக்குக்குத் தெரியும். வாய் காய்ந்தால் சுவை திரிந்துவிடும். வயிற்றுப்போக்குக்கும் பல் சீழுக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோல் உலோகச் சுவைக்குப் பேர் போனது. கிளாரித்ரோமைசின், இரும்புச்சத்து மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் ஆகியவையும் அப்படித்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உலோகச் சுவை மட்டும் வருவது அந்த மருந்துக்கு ஒவ்வாமை என்று ஆகாது, அது பக்கவிளைவு. "எனக்கு அந்த மாத்திரை அலர்ஜி" என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்லி வைத்தால், நாளை உண்மையில் தேவைப்படும்போது நல்ல மருந்து ஒன்று கிடைக்காமல் போகும்.

ரத்தக்கொதிப்புக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் தனியே யோசிக்க வேண்டும். இந்த வகை மருந்துகள் சுவையையும் மாற்றலாம். உதட்டையும் நாக்கையும் வீங்க வைக்கவும் செய்யலாம், அதுவும் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட பிறகு. இறால் சாப்பிட்டதால் வந்தது என்று நினைத்த வீக்கம் இதனாலும் இருக்கலாம். ஏவிலுக்கு அது அடங்காது. வீக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி போய், பிரஷர் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். நன்னாவின் மாத்திரைப் பெயர் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மருந்தில் காரணம் இல்லையென்றால் மூக்கடைப்பு, சளி தொண்டையில் இறங்குவது, நெஞ்செரிச்சல், ஈறில் ரத்தக் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் இரும்பு இருப்பதால் லேசாகக் கசிந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

நம் பகுதிக்கே உரிய இரண்டு காரணங்களும் உண்டு. திராட்சைத் தோட்டத்திலும் ஏலத்திலும் அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பது மயில்துத்தம், அதாவது செம்பு உப்பு. முகத்தை மூடாமல் அடித்தாலும், கை கழுவாமல் சாப்பிட்டாலும் வாயில் செம்பு ருசி வரும். இன்னொன்று, விருந்துச் சமையலுக்கு எடுக்கும் செம்புத் தேக்சா. உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால் தயிர், தக்காளி, எலுமிச்சையின் புளிப்பு செம்பைக் கரைத்துவிடும். ஒரே பந்தியில் சாப்பிட்ட பலருக்கு வாய் கசந்து வாந்தி வந்தால், ஒவ்வாமை என்று சொல்வதற்கு முன் தேக்சாவின் உட்புறத்தைப் பாருங்கள். வாடகைப் பாத்திரக்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

மருந்தால் வந்த சுவை, மருந்து முடிந்த சில நாட்களில் பெரும்பாலும் போய்விடும். அதுவரை ஒரு டம்ளர் தண்ணீரில் கால் ஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளிக்கலாம். நாக்கை வழித்துச் சுத்தம் செய்யலாம். அடிக்கடி தண்ணீர் குடிக்கலாம். நோன்பு நாட்களில் வாய் இன்னும் காயும். மாத்திரையை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையையும் அவர் சொல்லாமல் பாதியில் நிறுத்தாதீர்கள். சுவை திரும்பட்டும் என்று ஜிங்க் மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் சரியல்ல. ஜிங்க் மிகுந்தால் உடம்பில் செம்புச் சத்து குறையும்.

இரண்டு வாரம் தாண்டியும் சுவை மாறாவிட்டால் கம்பம் அரசு மருத்துவமனையிலோ, க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். பசியின்மை, கால் வீக்கம், சிறுநீர் குறைவு சேர்ந்திருந்தால் அவ்வளவு நாள்கூடப் பொறுக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறிலும் இப்படிச் சுவை வரும். போகும்போது சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானவை உட்பட, எடுத்துச் செல்லுங்கள். மருந்தால் வந்த பக்கவிளைவைப் பொதுமக்களே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.