செயலி கட்டுதலில் நேரும் தாமதம்

ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் என்னும் இருவகைக் கைப்பேசிகளுக்கும் ஒரே நிரலைக்கொண்டு செயலி ஆக்கும் முறையை மாணவர் பலர் இன்று பயின்று வருகின்றனர். அதற்குரிய கருவிகளுள் 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ரியாக்ட் நேட்டிவ் ஒன்று. அதனைக் கையாள்வோர் பலரும் கூறும் குறை, பில்ட் முடியுமுன் பொறுமை முடிந்துவிடுகிறது என்பதே. புதிய கணினி வாங்கினாலன்றி வழியில்லையெனத் தந்தையாரிடம் முறையிடுவாரும் உளர். அம்முறையீட்டிற்கு முன்னர்ச் செய்யத்தக்கவற்றை, ஆண்ட்ராய்டைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பில்ட் என்பது ஒரு தொழிலன்று. இரு தொழில்களின் கூட்டு. நாம் எழுதிய ஜாவாஸ்கிரிப்டை மெட்ரோ என்னும் கருவி ஒன்றுசேர்க்கிறது. கோட்லின், ஜாவா, சி பிளஸ் பிளஸ் ஆகிய பகுதிகளைக் கிரேடில் என்னும் கருவி முன்னின்று தொகுப்பிக்கிறது. தாமதம் பெரும்பாலும் பின்னதிலேயே நேர்வது. ஜாவாஸ்கிரிப்டை மட்டும் திருத்தியவர் மீண்டும் பில்ட் செய்யவேண்டுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் செயலியிலேயே திருத்தம் தோன்றும். இதனை அறியாதார் இழக்கும் காலம் பெரிது.

நிற்க. முதல் பில்ட் தாமதமாதல் இயல்பே. நூலகங்களை இறக்கி, அனைத்தையும் புதிதாய்த் தொகுத்தல் வேண்டுமன்றோ? ஆனால் ஒன்றையும் மாற்றாது செய்யும் இரண்டாம் பில்ட் விரைவில் முடிதல் வேண்டும். அதுவும் அவ்வளவு நேரங்கொள்ளுமாயின், பிழை உண்டென ஐயுறுக.

மாணவராயிருந்தபோது நாமும் இப்பிழையிற் சிக்கினோம். ஒருமுறை ‘கிளீன்’ கட்டளையால் ஒரு வழு நீங்கக் கண்டு, பின்னர் ஒவ்வொரு பில்டுக்கும் முன் அதனை நியமமாகக் கொண்டோம். அக்கட்டளை முன் செய்த வேலையின் பயனை அழிப்பது. ஆகவே ஒவ்வொரு பில்டும் முதல் பில்டே ஆயிற்று. இறுதியாண்டுப் பணியை ஒப்படைக்கும் வாரத்தில் மாலைகள் பல இவ்வாறு கழிந்தன. முடிக்க எண்ணிய பகுதியொன்றை விட்டே ஒப்படைத்தோம். மருந்தென உண்டதே நோயாயிருந்தது. அக்காலத்து நாம் பழித்ததோ கணினியை!

கிரேடிலைப் ‘புரொஃபைல்’ என்னும் தெரிவுடன் இயக்கின், எவ்வேலைக்கு எவ்வளவு நேரம் சென்றதென்னும் அறிக்கை கிடைக்கும். அதனைக் கண்ட பின்னரே பரிகாரம் தேடுக.

சி பிளஸ் பிளஸ் தொகுப்பில் நேரம் மிகுமாயின், காரணம் பெரும்பாலும் இது: ஆர்ம் வகை இரண்டு, எக்ஸ்86 வகை இரண்டு என 4 கட்டமைப்புகளுக்கும் கிரேடில் தொகுக்கிறது. சோதிக்கும் கைப்பேசிக்கு வேண்டுவது ஒன்றே. கிரேடிலின் பண்புக்கோப்பில் அதனை மட்டும் குறித்தால் அவ்வேலை ஏறக்குறைய நான்கிலொன்றாகும். வெளியிடுங்கால் ஏனையவற்றை மீண்டும் சேர்க்க மறவற்க. மாறாத பகுதிகளே மீண்டும் தொகுக்கப்படுமாயின், பில்ட் கேஷை இயக்குக. அது தானாக இயங்குவதன்று. நினைவகத்தையும் நோக்குக. கிரேடிலுக்கு மிகக் குறைவாக அளிப்பின் அது திணறும். 8 ஜிபி கணினியில் மிகுதியாக அளிப்பின், ஏனைய செயல்கள் வட்டை நாடிக் கணினி முழுதுமே தளரும்.

இவற்றை ஒருங்கே செய்தல் தகாது. ஒன்றை மாற்றுக, நேரத்தை அளந்து குறிக்க, பின்னர் அடுத்ததற்குச் செல்க. நாடி பாராது மருந்தளித்தல் வைத்தியர்க்கு அழகன்று. நிரல் எழுதுவோர்க்கும் அஃதே. இத்தனையும் செய்த பின்னரும் தாமதம் நீங்காதாயின், அந்நேரக் குறிப்போடு தந்தையாரிடம் செல்லலாம், அம்முறையீடு நேர்மையானதாயிருக்கும்.