ஓட்டற் பேரேடும் தரவாராய்ச்சியும்

ஓட்டல் என்னும் சொல் நம் நாட்டில் இருபொருள் படும். உண்ணுமிடத்தையும் அஃது உணர்த்தும், உறங்குமிடத்தையும் உணர்த்தும். இவ்விரண்டிற்கும் பொதுவாய இயல்பு ஒன்றுண்டு. இன்று விற்காததை நாளை விற்றல் இயலாது என்பதே அது. துணிவணிகர் இன்று விலைபோகாத சேலையை மடித்து வைத்து நாளை விரித்துக் காட்டுவர். இன்றிரவு வெறுமையாய்க் கிடந்த அறையையோ, பந்தி முடிந்தபின் மீந்த சாம்பாரையோ அங்ஙனம் மடித்து வைத்தல் ஆகாது. ஆதலின் எத்துணைப் பேர் வருவர், எப்பொழுது வருவர், எவ்வளவு கொடுக்க இசைவர் என்பவற்றை முன்னரே உய்த்துணர்தல் ஓட்டல் நடத்துவோர்க்கு இன்றியமையாததாகின்றது. பழங்கணக்கைக் கொண்டு அவ்வாறு உய்த்துணரும் முறையையே இந்நாளில் தரவுப் பகுப்பாய்வு என்று வழங்குகின்றனர். தமிழ் பயிலும் உங்கட்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் எம்மை வினவினர். பேரேடும் ஒரு நூலே. அதற்கும் உரைகாண்பார் வேண்டும் என்பதே எம் விடை.

இம்முறை ஓட்டலிற் பிறந்ததன்று, ஆகாயவிமானத்திற் பிறந்தது. விமானம் மேலெழுந்தபின் அதிலுள்ள வெற்றிருக்கையும் வீணே அன்றோ? 1972-ஆம் ஆண்டில், பி.ஓ.ஏ.சி. என்னும் பிரிட்டிஷ் விமானக் கம்பெனியைச் சார்ந்த கென் லிட்டில்வுட் என்பார் எளிய விதியொன்றை வெளியிட்டார். குறைந்த கட்டணம் தருவோர் பெரும்பாலும் முந்தி வந்து பதிவு செய்வர். நிறைந்த கட்டணம் தருவோர் கடைசி நேரத்தில் வருவர். முந்தினோர்க்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடின் பிந்தி வருவாரை இழப்போம். பிந்தி வருவார்க்கென நிறுத்திவைத்து அவரும் வாராதொழியின் இருவரையும் இழப்போம். ஆகவே நிறைகட்டணத்தை, அது கிடைத்தற்குரிய நிகழ்தகவாற் பெருக்குக. வரும் தொகை குறைகட்டணத்தினும் மிகுதியாயின் இருக்கையை நிறுத்திவைக்க. குறைவாயின் முந்தி வந்தார்க்கே கொடுத்துவிடுக. விதி இவ்வளவே.

1978-இல் அமெரிக்க அரசாங்கம் விமானக் கட்டணங்களின்மீது தான் வைத்திருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்திற்று. 1981-இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்னும் புதுக் கம்பெனி மிக மலிவான கட்டணத்துடன் தோன்றியது. 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியார் அதற்கு எதிராகத் தம் கணிப்பொறிக் கணக்கைப் பயன்படுத்தினர். எல்லா இருக்கைகளையும் மலிவாக்காமல், வெறுமையாய்ப் போகக்கூடியவை என்று கணக்குக் காட்டிய இருக்கைகளை மட்டும் மலிவாக விற்றனர். இரண்டாண்டிற்குள் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொரு கம்பெனியில் கலந்து பெயரும் மறைந்தது. இதனைக் கண்ட மாரியட் முதலிய பெரிய ஓட்டற் கம்பெனியார் இம்முறையை அறைகளுக்கும் பொருத்திக்கொண்டனர்.

இனி ஆவடிக்கு வருவோம். 1961-இல் நிறுவப்பெற்று 1965-இல் விஜயந்தா டாங்கியை வெளிக்கொணர்ந்த கனரக வாகனத் தொழிற்சாலையும், படை முகாம்களும், பொறியியற் கல்லூரிகளும் சூழ்ந்த இவ்வூருக்கு அறை தேடி வருவோர் கடல் காண வரும் உல்லாசப் பயணிகள் அல்லர். வேலை நிமித்தம் வருவோரும், தேர்வெழுத வரும் மாணவரும், மகனைப் படையிற் சேர்த்துத் திரும்பும் பெற்றோரும், திருமணத்திற்கு வந்த சுற்றத்தாருமே பெரும்பாலர். ஆகவே இங்கு ஓட்டல் நடத்துவோர்க்கு முதற் கணக்குக் கருவி பஞ்சாங்கமே என்று யாம் துணிந்து கூறுவோம். சென்ற ஆண்டு இதே தேதியில் எத்தனை அறை விற்றது என்று பார்த்து இவ்வாண்டை மதிப்பிடுதல் பலர் செய்யும் வழக்கம். அஃது எளிதாயினும் ஏமாற்றும். சென்ற ஆண்டு ஞாயிறாயிருந்த தேதி இவ்வாண்டு திங்களாகும். முகூர்த்த நாட்களோ ஆண்டுதோறும் இடம்பெயரும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக்கள் மணவினை செய்யார். ஆவணியிலும் தையிலும் மண்டபங்கள் நிரம்பும். ரம்ஜான் மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தும். நம்மவர் மணம் தவிர்க்கும் தவக்காலமும் நிலையாக நிற்பதன்று. 2024-இல் ஈஸ்டர் மார்ச்சு 31-ஆம் நாளில் வந்தது, 2025-இல் ஏப்ரல் 20-ஆம் நாளில் வந்தது. ஆகவே முகூர்த்த நாளை முகூர்த்த நாளோடும், ஆடிச் செவ்வாயை ஆடிச் செவ்வாயோடுமே ஒப்பிடல் வேண்டும்.

ஒருமுறையே வரும் பெருங்கூட்டத்தையும் கணக்கினின்று பிரித்தெடுத்தல் வேண்டும். 1955 ஜனவரியில் ஆவடியிற் காங்கிரசு மகாசபை கூடியபொழுது இங்கே ஒரு தற்காலிக நகரமே எழுந்தது. 2022-இல் மாமல்லபுரத்திற் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபொழுதும் உலகெங்குமிருந்து ஆட்டக்காரர் வந்து குழுமினர். அத்தகைய நாட்களைச் சராசரியிற் சேர்ப்பார் மறுவருடம் வெறும் அறைகளைக் காத்திருக்க நேரும்.

லிட்டில்வுட்டின் விதியை ஓர் ஆவடி லாட்ஜுக்குப் பொருத்திக் காண்பாம். இஃது உண்மைக் கணக்கன்று. விளங்குதற்பொருட்டு யாம் கற்பித்தது. இருபது அறைகள் உள. முன்பதிவு செய்வோர்க்கு வாடகை ரூ. 1,000, அன்று மாலை வந்து கேட்போர்க்கு ரூ. 1,600. ஆயிரத்தை ஆயிரத்து அறுநூறால் வகுப்பின் நூற்றுக்கு 62.5 ஆகும். மாலையில் ஆள் வருதற்குரிய நிகழ்தகவு இதனின் மிகுமாயின் அவ்வறையை நிறுத்திவைத்தலே ஊதியம். சென்ற நாற்பது முகூர்த்த இரவுகளின் பேரேட்டைப் புரட்டுகின்றோம். ஆறு பேரேனும் மாலையில் வந்த இரவுகள் முப்பது. அஃதாவது நூற்றுக்கு 75. ஏழு பேரேனும் வந்தவை இருபத்துநான்கு, நூற்றுக்கு 60. ஆகவே ஆறு அறைகளை நிறுத்தி, ஏழாவதை விடுத்து, எஞ்சிய பதினான்கை முன்பதிவுக்குத் தரலாம். இதற்குப் பெரும் பொறி வேண்டுவதில்லை. ஒரு பென்சில் போதும்.

ஆயினும் இங்கேதான் பேரேடு நம்மை ஏமாற்றுகின்றது. விற்றதையே அது கூறும், கேட்டதைக் கூறாது. ஒரு முகூர்த்த இரவில் ஆறு அறைகளே எஞ்சியிருந்தன என்க. பத்துப் பேர் வந்தனர். நால்வர் இடமின்றித் திரும்பினர். ஏட்டில் இருப்பது ஆறு மட்டுமே. அதனைக் கண்ட முதலாளி மாலையில் வருவோர் ஆறு பேரே என்று எண்ணி, அடுத்த முறை ஐந்தே அறை நிறுத்துவார். அப்பொழுது ஏடு ஐந்து என்றே காட்டும். பொய்யான கணக்கு ஒன்றுமில்லை, எழுதியவர் பிழையும் இல்லை. எனினும் ஆண்டுதோறும் கணக்குச் சுருங்கிக்கொண்டே செல்லும். எவ்வளவு நுண்ணிய கணிப்பொறியும் தனக்கு ஊட்டப்படாத நால்வரை அறியாது. யாம் இவ்விஷயத்தைப் படித்தவற்றுள் எம் மனத்தில் ஆழப் பதிந்தது இதுவே. இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டோர்க்காக, இராக்காவல் குமாஸ்தா மேசைமேல் ஒரு தாளில் ஒவ்வொரு கோடு இழுத்துவருவாரேல் அத்தாள் பேரேட்டினும் மதிப்புடையதாகும். ஒன்று மட்டும் கருதுக: அறை வெறுமையாயிருந்ததற்குக் குமாஸ்தாவைக் கடிந்துகொள்ளும் இடத்தில் அக்கோடுகள் உண்மையாய் விழா.

அறைகள் நிரம்பிவிட்டன என்று மகிழ்தலும் ஆராய்ந்து செய்யத்தக்கதே. அதே லாட்ஜில் ஓர் இரவு பன்னிரண்டு அறைகள் ரூ. 1,500 வீதம் விற்றன, வரவு ரூ. 18,000. மற்றோர் இரவு விலை குறைத்துப் பதினெட்டு அறைகள் ரூ. 1,100 வீதம் விற்றன, வரவு ரூ. 19,800. இரண்டாவதே மேல் எனத் தோன்றும். ஓர் அறைக்கு வெளுப்பு, சவர்க்காரம், மின்சாரம் ஆகியவற்றிற்கு ரூ. 250 கழியின் முறையே ரூ. 15,000-உம் ரூ. 15,300-உம் எஞ்சும். பதினெட்டில் பத்து அறைகள் இணையத் தரகர் வழி வந்தவை, அவர்க்கு நூற்றுக்கு இருபது தரகு என்று கொண்டால் இன்னும் ரூ. 2,200 போய், மிச்சம் ரூ. 13,100 ஆகின்றது. வேலையாட்கள் ஆறு அறைகள் மிகுதியாகப் பெருக்கித் துடைத்தும் முதலாளிக்கு நட்டம்.

உணவிலும் இத்தகைய ஆராய்ச்சி உண்டு. 1982-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கசவானா, சுமித் என்னும் இருவர் உணவுப் பட்டியலிலுள்ள பண்டங்களை நால்வகைப்படுத்தினர். மிகுதியாக விற்று மிகுதியாக ஊதியம் தருவது நட்சத்திரம். மிகுதியாக விற்றும் ஊதியம் குறைந்தது உழவுக் குதிரை. ஊதியம் மிகுந்தும் விலைபோகாதது புதிர். இரண்டும் அற்றது நாய். நாய்க்கு இப்பழி ஏனோ அறியோம். நம் கடைகளில் இட்லி உழவுக் குதிரை போன்றது. அன்றி நம் வழக்கில் உழவுமாடு எனலாம். அதிற் பெரும் ஊதியம் இல்லையென்று காலை இட்லியை நிறுத்துவாரேல் அதனோடு காப்பியும் வடையும் போம், ஆளும் போவர். பண்டங்களைத் தனித்தனியே நோக்காது, எவை ஒரே சீட்டில் சேர்ந்து வருகின்றன என்று நோக்குதலே தக்கது.

விலையைப் பொறியிடமே விட்டுவிடுதல் தகுமோ என்னும் வினா எஞ்சுகின்றது. தேவை ஏறின் விலையை ஏற்றுதலே பொறி அறிந்த நெறி. முகூர்த்தத்தில் அது பொருந்தும். விரும்பாதவர் வேறிடம் செல்வர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னையும் சுற்றுப்புறமும் நீரில் மூழ்கியபொழுது, குழந்தைகளுடன் உலர்ந்த இடம் தேடி வருவாரையும் பொறி அதே தேவையாகவே எண்ணும். ஆகவே இதற்குமேல் ஏறலாகாது என்று ஒரு வரம்பை முதலாளியே முன்கூட்டி எழுதி வைத்தல் வேண்டும். அத்தகைய இரவில் வாங்கிய நாலாயிரம் வரவுப் பத்தியில் ஏறும். அக்குடும்பம் மீண்டும் வாராமை எப்பத்தியிலும் ஏறாது.

கடைசியாகத் தரகரைப் பற்றிச் சில சொல்வோம். சிறு லாட்ஜுகட்கு அவர் செய்யும் உதவி பெரிது. தொலைவிலுள்ளார்க்கு ஆவடி லாட்ஜின் பெயர் தெரிவது அவராலேயே. ஆனால் தரகினும் பெரிய விலையொன்றை அவர் பெறுகின்றார். யார் தேடினர், எந்நாளுக்குத் தேடினர், எவ்விலையைக் கண்டு அகன்றனர் என்னும் கணக்கு முழுதும் அவரிடமே தங்குகின்றது. இடமின்றித் திரும்பிய அந்நால்வரையும் தரகர் அறிவார், லாட்ஜ்காரர் அறியார். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவிற்கு ரூ. 223.48 கோடியும், ஓயோவிற்கு ரூ. 168.88 கோடியும் அபராதம் விதித்தது. பிறவிடத்தில் மலிவாக விற்கலாகாது என ஓட்டல்காரர்களைக் கட்டுப்படுத்தியதும், ஓயோவிற்குத் தனிச்சலுகை காட்டியதும் அவ்வழக்கிற் காணப்பட்ட குற்றங்கள். அபராதத்தால் லாட்ஜ்காரர்க்குக் கணக்கு கைவந்துவிடாது. அதனை அவரே எழுதிக்கொள்ளல் வேண்டும். நாள், கிழமை, முகூர்த்தமா அன்றா, முன்பதிவு எத்தனை, மாலையில் வந்தோர் எத்தனை, திரும்பினோர் எத்தனை, தரகர் வழி எத்தனை என ஏழு பத்திகள் போதும். விருந்தினர் பெயர் இதிற் சேர வேண்டுவதில்லை. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபின் அதனைக் கண்டவிடமெல்லாம் எழுதாமையே நன்று. ஓராண்டு எழுதினால் ஓர் ஆடியும் ஓர் ஆவணியும் அதில் அடங்கும். ஒப்பிட்டுப் பார்த்தற்கு இரண்டாண்டேனும் வேண்டும்.