நொதித் தடுப்பும் மறதிநோய் ஆய்வும்

தோற்றுவாய்

பொருளை இழந்தவன் அதனை அறிந்து வருந்துவான். நினைவை இழந்தவனோ நாளடைவில் தன் இழப்பையே அறியான். இத்தகைய கொடிய நோயினைச் செர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். நினைவு மங்கி மாண்ட ஒரு பெண்மணியின் மூளையை நுண்ணோக்கியில் ஆய்ந்த அவர், நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே இழைமுடிச்சுகளையும் கண்டார். அமிலாய்டு பீட்டா என்னும் சிறு புரதத்தைக் கிளென்னர், வோங் என்னும் இருவர் 1984இல் பிரித்தறிந்தனர். மூளைப் படிவுகளின் மூலப்பொருளும் அதுவே என்பது அடுத்த ஆண்டில் தெளிவாயிற்று.

நொதியின் தொழில்

மாவு புளித்துப் பொங்குதலை நொதித்தல் என்கிறோம். அச்சொல்லின் அடியாகவே என்சைமுக்கு 'நொதி' என்னும் பெயர் அமைந்தது. உடலினுள் நிகழும் வேதிமாற்றங்களை விரைவுபடுத்துவது நொதியாகும்.

நரம்பணுவின் உறையில் அமிலாய்டு முன்னோடிப் புரதம் என்னும் நீண்ட புரதம் ஊடுருவி நிற்கிறது. பீட்டா செக்ரிடேஸ் என்னும் நொதி அதனை முதலில் ஓரிடத்தில் வெட்டுகிறது. எஞ்சிய பகுதியைக் காமா செக்ரிடேஸ் வெட்டுகிறது. இவ்விரு வெட்டுகளுக்கும் இடைப்பட்ட துண்டே அமிலாய்டு பீட்டா. பெரும்பாலும் 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் கொண்ட இத்துண்டுகளுள், 42 கொண்டது எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிப் படியும் இயல்பினது. எனவே, கத்தரிக்கோல் போன்ற இந்நொதிகளைத் தடுத்தால் நோயும் தடைப்படும் என ஆய்வாளர் கருதினர்.

தடுப்பான்கள் காட்டிய உண்மை

காமா செக்ரிடேஸைத் தடுக்கும் செமகாசெஸ்டாட் என்னும் மருந்தின் ஆய்வு 2010இல் நிறுத்தப்பட்டது. மருந்துண்டோரின் அறிவுத்திறன் மேலும் குன்றியது, தோற்புற்றும் மிகுந்தது. அந்நொதி, அணுக்களின் வளர்ச்சிக்கு வேண்டிய நாட்ச் புரதத்தையும் வெட்டுவதாகும். அதனைத் தடுத்தபோது தேவையான பணிகளும் தடைப்பட்டன.

பின்னர், பீட்டா செக்ரிடேஸைத் தடுக்கும் வெருபெசெஸ்டாட் ஆராயப்பட்டது. மூளைத் தண்டுவட நீரில் அமிலாய்டு பீட்டா 60 விழுக்காட்டிற்கும் மேலாகக் குறைந்தது. ஆயினும் நோயாளரின் நிலை சீர்படவில்லை. 2017இல் ஓர் ஆய்வு நிறுத்தப்பட்டது. நோயின் தொடக்க நிலையிலிருந்தோரிடம் நடத்திய மற்றோர் ஆய்வும் 2018இல் நின்றது. அதில் மிகுந்த அளவு மருந்துண்டோர், மருந்தற்ற மாத்திரை உண்டோரினும் பின்தங்கினர்.

மருந்து தன் வேலையைச் செய்தது. நினைவு மட்டும் மீளவில்லை என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

முடிவுரை

இதனால் இவ்வழி முற்றும் பிழை என்று கூறுதல் பொருந்தாது. ஐசுலாந்து மக்களுள் சிலரிடம் காணப்படும் அரிய மரபணு மாற்றம் ஒன்றினை 2012இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அம்மாற்றம் பீட்டா செக்ரிடேஸின் வெட்டைக் குறைத்து, அமிலாய்டு உற்பத்தியை ஏறத்தாழ 40 விழுக்காடு தாழ்த்துகிறது. அதனை உடையோரை இந்நோய் அரிதாகவே அணுகுகிறது. அவர்கள் பெற்றது பிறப்புத் தொட்டு அமைந்த மிதமான குறைவு. நோயாளர் பெற்றதோ படிவுகள் நிறைந்தபின் வந்த பெருங்குறைவு. ஆகவே, எதனைத் தடுப்பது என்பதோடு எவ்வளவு தடுப்பது, எக்காலத்தில் தடுப்பது என்பனவும் ஆராயத்தக்கனவாம். தோல்வியுற்ற மருந்துகள் அறிவியலுக்கு அளித்த பாடம் இதுவே.