கையேட்டுக்கும் பாயிரம் வேண்டும்

சிறப்புப்பாயிரம் கூறவேண்டிய செய்திகளைப் பவணந்தி முனிவர் நன்னூலில் எட்டாக வகுத்தார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. மாணவர் இவற்றைப் பரீட்சைக்கென மனனஞ் செய்து, பின் மறந்துவிடுவர். ஆயினும், இயந்திரத்துக்குக் கையேடு எழுதுவோர்க்கு இறுதி மூன்றும் இன்றியமையாதன. இவற்றைக் கேட்டறியாது எழுதுவதாலேயே கையேடுகள் பல பெட்டியிற் கிடக்கின்றன என்பது எம் கருத்து.

இறைப்பு இயந்திரமொன்றுக்குத் தமிழிற் கையேடு எழுதப் புகுகின்றோம் எனக் கொள்வோம். முதலில் அதனைச் செய்தோரை அணுகல் வேண்டும். எவ்வெரிபொருள் கொள்ளும், எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றல் வேண்டும், எவ்வளவு ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சும் என்பவற்றை எண்ணளவாகவே கேட்டெழுதுதல் வேண்டும். அவற்றினும் முக்கியமான வினா ஒன்றுண்டு: அச்சேறுமுன் இவற்றுள் எவை மாறக்கூடும்? அமைப்பு மாறியபின்னும் பழைய அளவைக் கூறுங் கையேடு, கையேடு இல்லாமையினுந் தீங்கு பயக்கும். ஆதலின், மாற்றங்களை எழுதுவோர்க்கு அறிவிக்கும் பொறுப்பை ஒருவரிடம் முற்கூட்டியே ஒப்படைத்தல் நன்று.

இனிக் கேட்போர். அவர் யாவர் என்பதோடு, எந்நிலையில் நின்று படிப்பர் என்பதும் அறியப்படல் வேண்டும். 1935 ஒக்டோபர் 30இல், ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து ரைட் விமானத்தளத்தில், போயிங் நிறுவனத்தின் நான்கு எஞ்சின் பூண்ட ‘மாதிரி 299’ விமானம் மேலெழுந்த சிறுபொழுதில் வீழ்ந்தது. இருவர் உயிர்நீத்தனர். தரையில் நிற்கையிற் காற்றால் அசையாவண்ணம் சுக்கான் முதலியவற்றைப் பிணித்துவைக்கும் பூட்டினைக் கழற்றாமையே காரணம். செலுத்தியோர் அநுபவம் மிக்கோர், அறிவிற் குறைந்தோரல்லர். நினைவில் வைக்கவேண்டியனவோ அளவிறந்தன. எனவே, பின்னர் விமானிகளுக்கென ஆக்கப்பட்டது பருத்த நூலன்று. புறப்படுமுன், பறக்கையில், இறங்குமுன், இறங்கியபின் செய்வனவற்றைக் கூறும் சரிபார்ப்புப் பட்டியலேயாம். அவ்விமானமே பின்னாளிற் பீ-17 எனப் பெயர்பெற்றது.

வெங்காயத் தோட்டத்தில் விடியற்காலையில் ஈரக்கையுடன் இயந்திரத்தை முடுக்கும் கமக்காரரும் முப்பது பக்கம் புரட்டார். அவர்க்கு வேண்டுவது இயந்திரத்தின்மேல் ஒட்டத்தக்கதும், எண்ணெய் பட்டாலும் எழுத்தழியாததுமான ஒற்றைத்தாள். விரிவான நூல் திருத்துவோர்க்கு உரியது. அத்தாளிற் ‘சோக்’ என்றே எழுதுவதா, புதுச்சொல் ஆக்குவதா என்பதையும் கமக்காரரிடமே கேட்டல் வேண்டும். சொல்லாக்கத்தில் வேட்கையுடைய தமிழாசிரியராகிய எமக்கு இது சிறிது கசப்பே.